கேட்பதற்கு முன் சொல்லிப் பார்ப்போம்: உறுதிப் பிரார்த்தனையைத் தொடங்குவோருக்கு

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் என்னுடைய பிரார்த்தனை முழுவதும் ஒரே வாக்கியமாக இருந்தது: "இன்னொரு முறை வரவிடாதே." மட்டக்களப்பின் கல்லடியில் கடலுக்கு அருகிலேயே எங்கள் வீடு இருந்தபடியால், இரவில் விளக்கை அணைத்த பிறகு அலைச் சத்தம் சற்றுக் கூடினாலும் எழுந்து உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். சொல்லச் சொல்ல நெஞ்சு படபடக்குமே தவிர அடங்காது. பிரார்த்தனை செய்கிறேன் என்று எண்ணிக்கொண்டு நான் அச்சத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன் என்பது வெகுகாலத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

அதை விளங்கவைத்தது என் பாட்டியான பெத்தாச்சியைப் பற்றிய ஒரு நினைவு. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட இரவைப் பற்றி அவர் சொல்லும்போதெல்லாம், பிள்ளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தான் சொன்னதாக ஒரே பேச்சைத்தான் சொல்வார்: "ஒண்டுக்கும் பயப்புடாத புள்ள, அம்மாள் இரிக்கா." அதில் "காப்பாற்று" என்ற வேண்டுதல் இல்லை. இருக்கிற ஒன்றை இருக்கிறது என்று சொல்வது மட்டுமே இருந்தது. கூரை பறந்துகொண்டிருந்த வேளையில் அவர் அதைச் சொன்னார் என்பதையும், கூரை பறந்தது என்பதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெத்தாச்சி பெயர் வைக்காமல் செய்த இந்தக் காரியத்துக்கு உறுதிப் பிரார்த்தனை என்று பெயர். குறையை முன்வைத்து இறைவனிடம் இரப்பதற்குப் பதிலாக, இறைவனின் நிறைவை முன்வைத்து, அந்த நிறைவுக்குள் தானும் இருப்பதை உறுதியான சொற்களில் கூறி, நன்றியோடு முடிப்பதே இதன் அமைப்பு. இதனை ஒழுங்கான ஒரு பயிற்சியாக வகுத்தவர்கள் அமெரிக்காவின் புதிய சிந்தனை இயக்கத்தினர். மெயின் மாநிலத்தைச் சேர்ந்த பினியாஸ் குயிம்பி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதற்கு வித்திட்டார். சார்ல்ஸ், மிர்ட்டில் பில்மோர் தம்பதியர் 1889இல் கன்சாஸ் நகரில் யூனிட்டி என்ற அமைப்பைத் தொடங்கி அதைப் பரப்பினர். 1927இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்திய ஏர்னஸ்ட் ஹோம்ஸின் மரபில் அது ஐந்து படிகளாக அமைந்தது. இறைவனை உணர்தல், அவனோடு இணைதல், உறுதி கூறுதல், நன்றி சொல்லுதல், விட்டுவிடுதல் என்பனவே அவை. 1894இல் அதே மெயின் மாநிலத்தின் கிரீன் ஏக்கரில் இச்சிந்தனையாளர் பலர் கூடிய இடத்தில் சுவாமி விவேகானந்தரும் உரையாற்றியிருக்கிறார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் வழியாக, விவேகானந்தர் நிறுவிய இராமகிருஷ்ண மிஷனை அறிந்திருக்கும் நம் பகுதியினருக்கு இந்தத் தொடர்பு அந்நியமானதல்ல.

ஆயினும், இதைக் கற்றுக்கொள்ள நாம் அமெரிக்காவரை போகத் தேவையில்லை. பல்லவ மன்னன் யானையை ஏவியபோது அப்பர் சுவாமிகள் பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டும் இறைவனின் கோலத்தையும் உடைமைகளையும் முதலில் விரித்துச் சொல்கிறது. அடுத்து, அத்தகைய ஒருவருக்கு உறவினர் நாம் என்கிறது. அதன் பிறகுதான் அஞ்சவேண்டியது ஒன்றுமில்லை, அஞ்ச வருவதும் இல்லை என்று முடிக்கிறது. யானையைத் திருப்பி அனுப்பு என்ற வேண்டுகோள் அதில் எங்கும் இல்லை. உணர்தல், இணைதல், உறுதி கூறுதல் என்ற வரிசை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் கையில் இருந்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு இருபத்து மூன்றாம் சங்கீதம் இதே அமைப்பில் இருப்பது தெரியும்; அதுவும் மேய்ப்பனை முதலில் வைத்து, குறைவில்லை என்பதை அடுத்து வைக்கிறது.

இடமும் நேரமும்

இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சாமியறை இருந்தால் அது போதும். இல்லையென்றால் வீட்டின் எந்த மூலையும் போதும். வாவிக் கரையில் உட்கார்ந்து செய்பவர்களையும், வயல் வட்டைக்குப் போய் வரம்பில் நின்று செய்பவர்களையும் எனக்குத் தெரியும். நேரம் மட்டும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் தேவையில்லை. கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது.

ஒரு கொப்பியும் பேனையும் வேண்டும். முதல் மாதத்தில் எழுதாமல் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் பழைய முறையீட்டுக்கே திரும்பிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

உட்கார்ந்தவுடன் மூச்சை ஒழுங்குபடுத்துங்கள். இதற்கென்று தனி யோகப் பயிற்சி தேவையில்லை. உங்களுக்குப் பழக்கமான மந்திரத்தையோ செபத்தையோ மெதுவாக ஓதினாலே மூச்சு தானாக ஒழுங்குக்கு வரும். இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரைக் கொண்டு செய்து 2001இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், செபமாலையை இலத்தீனில் சொன்னபோதும், ஓம் மணி பத்மே என்ற மந்திரத்தைச் சொன்னபோதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்ததையும் இதயத் துடிப்பின் இசைவு மேம்பட்டதையும் கண்டார்கள். ஐந்தெழுத்தை ஓதுபவரும், செபமாலை உருட்டுபவரும், திக்ர் செய்பவரும் தத்தம் வழியிலேயே மூன்று நிமிடங்கள் செய்தால் போதும்.

முதலில் உள்ளதைச் சொல்லுங்கள்

இந்தப் படி ஹோம்ஸ் மரபின் ஐந்து படிகளில் இல்லை. நான் சேர்த்துக்கொண்டது, இதை விடாமல் செய்யும்படி உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். கொப்பியின் இடப்பக்கத்தில், இப்போது உங்களை அழுத்துவது எது என்பதை உள்ளபடி எழுதுங்கள். "வெள்ளிக்கிழமை கடன்காரர் வாசலுக்கு வருவார், கையில் இரண்டாயிரம் ரூபாதான் இருக்கிறது" என்று எழுதுங்கள். "அவர் குடித்துவிட்டு வருவார் என்று பயமாக இருக்கிறது" என்று எழுதுங்கள். இறைவன் மீது கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதும்போது அழகுபடுத்தவோ, நல்ல சொல்லாக மாற்றவோ வேண்டாம்.

போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துக் கண்ட நம் மாவட்டங்களில், "நல்லதை மட்டும் நினை" என்ற அறிவுரை பலருடைய வாயை அடைத்திருக்கிறது. காணாமற்போன பிள்ளையின் படத்துக்கு முன் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் போய், துயரத்தை நினைக்காதே என்று சொல்லும் பிரார்த்தனை முறை எதுவாயினும் அது எனக்கு வேண்டாம். உறுதிப் பிரார்த்தனை துயரத்தை மறுப்பதில்லை. துயரம்தான் முழுமையானது என்ற எண்ணத்தை மட்டுமே மறுக்கிறது. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதைத் தவறவிட்டவர்கள்தான் சில மாதங்களில் களைத்துப்போய் "எனக்குப் பலிக்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, பேனையை வைத்துவிட்டுக் கண்களை மூடுங்கள்.

இறைவனை முன்வைத்தல், தன்னை அவனுக்குள் வைத்தல்

இப்போது இறைவனைப் பற்றி மட்டும் பேசுங்கள். உங்களைப் பற்றியோ பிரச்சினையைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். மூன்று அல்லது நான்கு வாக்கியங்கள் போதும், ஆனால் அவை நீங்கள் உண்மையில் அறிந்த இறைவனைப் பற்றியவையாக இருக்க வேண்டும். மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் கரையில் ஆடி அமாவாசைக்குக் கூடும் சனத்தைக் கண்டவருக்கு, "எத்தனை பேர் வந்தாலும் வற்றாதவன் நீ" என்ற சொல் இயல்பாக வரும். கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் குளிர்த்தி பாடக் கேட்டு வளர்ந்தவருக்கு, "கொதிப்பை ஆற்றுகிறவள் நீ" என்ற சொல் போதும். யாரோ எழுதிவைத்த வாக்கியங்களை ஒப்புவிப்பதைவிட, நீங்கள் கண்டு வளர்ந்த ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது இணைதல். புதிய சிந்தனை இயக்கத்தினர் இந்த இடத்தில் "நானும் இறைவனும் ஒன்றே" என்ற அளவுக்குச் சொல்வார்கள். அத்துவைதம் படித்தவருக்கு அது சரியாக இருக்கலாம்; சைவ சித்தாந்த வழியினர் "உன் அடிமை நான், உன்னைவிட்டு நீங்காதவன்" என்று சொல்வதே பொருத்தம். காத்தான்குடியிலும் கல்முனையிலும் உள்ள முஸ்லிம் நண்பர்கள் இதைக் கேட்டபோது, படைத்தவனையும் படைப்பையும் ஒன்றாக்கும் சொல் தங்கள் மார்க்கத்தில் இல்லை என்றும், "நான் அவனுடைய அடியான், அவனுடைய ரஹ்மத்துக்குள் இருக்கிறேன்" என்று சொல்ல முடியும் என்றும் கூறினார்கள். அப்படியே சொல்லட்டும். உங்கள் சமயம் ஏற்காத ஒரு சொல்லை நாவில் வைத்துக்கொண்டு மன அமைதி தேட முடியாது.

உறுதி கூறுதல்

இனிமேல்தான் சிக்கலான பகுதி. கொப்பியின் வலப்பக்கத்தில், நிகழ்காலத்தில், இரண்டு அல்லது மூன்று வாக்கியங்கள் எழுத வேண்டும். எழுதியதைக் காதில் விழும்படி வாய்விட்டு மூன்று முறை சொல்ல வேண்டும்.

பெரும்பாலான புதியவர்கள் இங்கே வேண்டிய பொருளை அப்படியே கிடைத்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். "என் கடன் எல்லாம் தீர்ந்துவிட்டது" என்று, நுண்கடன் எடுத்த ஒரு சகோதரி எழுதினார். வாய் அதைச் சொல்ல, வயிறு அதை மறுத்தது. அன்று இரவு அவருக்கு முன்னரைவிட மோசமாகத் தூக்கம் கெட்டது. இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வான எண்ணம் உடையவர்கள் "நான் அன்புக்குரியவர்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்களுடைய மனநிலை தாழ்ந்ததைக் கண்டார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே அது சிறிதளவு உதவியது. மனம் நம்பாத சொல்லை அதன்மேல் ஏற்றினால், மனம் எதிர்வாதம் பேசத் தொடங்கிவிடும்.

ஆகவே நான் சொல்லித்தரும் சோதனை ஒன்றுதான். வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருங்கள். உள்ளே எங்காவது "பொய்" என்ற குரல் எழுந்தால், அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, அக்குரல் எழாத இடம் வரும்வரை இறங்கி வாருங்கள். அந்தச் சகோதரி இறங்கி வந்த வாக்கியங்கள் இவை: "இந்தக் கடன் என்னைவிடப் பெரியது அல்ல. இதைத் தவணை தவணையாகப் பார்க்கும் தெளிவை அம்மாள் எனக்குத் தந்திருக்கிறா. இதைப் பற்றி வாய்திறந்து பேசும் துணிவு என்னிடம் இருக்கிறது." மூன்றாவது வாக்கியத்தைச் சொன்ன ஐந்தாம் நாள், அதுவரை கணவருக்கு மறைத்துவைத்திருந்த கடன் புத்தகங்களை எடுத்து அவருக்கு முன் வைத்தார். கடன் அன்று குறையவில்லை. ஒளித்துவைக்கும் சுமை மட்டும் குறைந்தது. அதன் பிறகுதான் கணக்கை எழுதிப் பார்க்க இருவராலும் முடிந்தது.

உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். "மூன்று ஏ கிடைத்துவிட்டது" என்று எழுதுவதற்குப் பதிலாக, "படித்ததை எடுத்துத் தரும் நினைவாற்றலை இறைவன் எனக்குத் தந்திருக்கிறான், கை நடுங்கினாலும் அந்த நினைவு என்னிடமே இருக்கிறது" என்று எழுதட்டும். பெரும்போகத்துக்கு விதைத்துவிட்டு வெள்ளத்தை எண்ணி அஞ்சும் விவசாயிக்கு, மழையைக் கட்டுப்படுத்தும் வாக்கியம் எதுவும் பயன்படாது. "எது வந்தாலும் என் குடும்பம் நடந்துபோகும் வழியை நீ வைத்திருக்கிறாய்" என்பது போதும்.

மேலைநாட்டு வழிகாட்டிகள் பலவும் இந்தப் படியில் "இல்லை" என்ற சொல்லே வரக்கூடாது என்பார்கள். தமிழில் அந்த விதியை நான் பின்பற்றுவதில்லை. "பயமில்லை" என்ற சொல்லில் நம்மவருக்கு வலிமையே கேட்கிறது. அப்பரின் உறுதிமொழியும் "இல்லை" என்றே முடிகிறது. உங்களுக்குச் சொல்லும்போது முதுகு நிமிர்கிறதா என்பதைப் பாருங்கள். இலக்கணத்தைப் பார்க்க வேண்டாம்.

பிறருக்காகச் செய்யும்போது ஒரு கவனம் தேவை. கட்டாரில் வேலைசெய்யும் மகனுக்காக ஒரு தாய் "அவன் இந்த ஆண்டு திரும்பி வந்து கல்யாணம் முடிக்கிறான்" என்று உறுதி கூறுவது, மகனுடைய முடிவைத் தான் எடுப்பதாகும். "நான் காணாத இடத்திலும் அவன் உன் கண்ணுக்குள் இருக்கிறான்" என்று சொல்லும்போது, மகன் அவனுக்குரிய இடத்தில் இருக்கிறான், தாயின் நெஞ்சும் ஆறுகிறது.

நன்றி சொல்லி விட்டுவிடுதல்

நன்றியை நடந்து முடிந்ததற்காக மட்டும் சொல்வது நம் வழக்கம். நேர்த்திக்கடனும் காரியம் கைகூடிய பிறகே செலுத்தப்படுகிறது. நேர்த்தி வைப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. தீமிதிப்புக்கு நோன்பிருக்கும் ஒருவருடைய உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பயிற்சியில் நன்றி முன்னதாகவே வருகிறது. யோவான் நற்செய்தியில் லாசரு கல்லறையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே இயேசு பிதாவுக்கு நன்றி சொல்வதை நினைத்துக்கொள்ளலாம். அன்று உண்மையில் கிடைத்த சிறிய ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தண்ணீர் எடுத்துத் தந்தது போதும். அதிலிருந்து, இன்னும் கண்ணுக்குத் தெரியாததற்கும் நன்றி என்று முடியுங்கள்.

பிறகு கொப்பியை மூடுங்கள். மூடுவதே விட்டுவிடுதல். அடுத்த நாள்வரை அதே விடயத்தை மீண்டும் பிரார்த்தனையில் எடுக்க வேண்டாம். நினைவு வந்தால் "ஒப்படைத்தாயிற்று" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழும்பியதும், அந்த விடயத்தில் உங்கள் கையால் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்றைச் செய்யுங்கள்: ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு விண்ணப்பப் படிவம், ஒரு பக்கப் படிப்பு. தோணிக்காரர் கும்பிட்டுவிட்டுத்தான் துடுப்பைத் தொடுவார், ஆனால் தொடாமல் இருக்கமாட்டார்.

ஒரு பௌர்ணமியில் தொடங்கி அடுத்த பௌர்ணமிவரை செய்து பாருங்கள். போயா விடுமுறை நாளில் தொடங்கினால் நாளை மறக்கவும் மாட்டீர்கள். முடிவில் கொப்பியை முதலிலிருந்து வாசித்தால், இடப்பக்கத்தில் எழுதியவை எப்படி மாறியிருக்கின்றன என்பது தெரியும். வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தை நான் அதிகம் கவனிக்கிறேன், ஏனென்றால் "எல்லாம் போய்விட்டது" என்று தொடங்கியவர் "இந்த மாதத் தவணை" என்று எழுதும் நிலைக்கு வந்திருந்தால், மனம் தெளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

நோயுள்ளவர்களுக்கு

சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடங்கியபின் ஒரு மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. கிளினிக் திகதியைத் தவறவிடவும் கூடாது. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் அமெரிக்காவில் 1802 இதய அறுவைச் சிகிச்சை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், பிறர் செய்த பிரார்த்தனையால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் ஏற்பட்டது. பிரார்த்தனை நடந்தும் அதை நிச்சயமாக அறியாதிருந்தவர்களில் அது 52 விழுக்காடு. பிரார்த்தனை நெஞ்சை ஆற்றும், தனிமையைக் குறைக்கும், மருந்தை ஒழுங்காக எடுக்கும் பொறுமையைத் தரும் என்பதை நான் முழுமனதோடு சொல்வேன்; மருந்தின் இடத்தை எடுக்கும் என்று சொல்லமாட்டேன்.

இந்த முறையைப் போதிக்கும் சிலர், நோய் வந்தது உன் எண்ணத்தால், குணமாகாதது உன் நம்பிக்கைக் குறைவால் என்று பேசுவதுண்டு. அப்படிப் பேசுபவர்களிடமிருந்து விலகிவிடுங்கள். என் தாயாரின் கடைசி மாதங்களில் அப்படி ஒருவர் கட்டிலருகே நின்று சொன்ன வார்த்தை, நோயைவிட அதிகமாக அவரை வருத்தியது. குழந்தையை இழந்தவரிடமும் நோயாளியிடமும் குற்றம் சுமத்தும் சொல் எந்தச் சமயத்திலும் பிரார்த்தனை ஆகாது.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, கொப்பியை வைத்துவிட்டு உடனே ஒருவரிடம் பேசுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொல் வராத நாட்கள்

எவ்வளவு பழகினாலும் சில நாட்களில் ஒரு வாக்கியமும் வராது. நினைவு நாள், திவசம், மழை பிடித்த இரவு எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கு உறுதிமொழியை வலிந்து இழுக்க வேண்டாம். மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஏதும் ஓதாமல் பூசை செய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே நிற்கும் ஆயிரம் பேரில் ஒருவரும் பூசை குறைந்துவிட்டதாக நினைப்பதில்லை. சொல் வராத நாளில் நானும் அப்படித்தான் அதே இடத்தில், அதே பதினைந்து நிமிடங்கள், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். நேரம் முடிந்ததும் திகதியை மட்டும் எழுதி மூடிவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.